ஏழு சிப்பம்

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு ஜீப் வந்தது. கடை வாசலில் நிற்கவில்லை. பக்கத்துச் சந்தில் திரும்பி, குடோன் கதவருகே பின்பக்கத்தைக் காட்டி நின்றது.

பௌசியா கல்லாவை விட்டு எழுந்து உள்வழியாகக் குடோனுக்குப் போனாள். அதற்குள் பகலவன் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தான். முப்பத்தைந்து வயது, சலவைச் சட்டை. மலைக்கு வெல்லம் ஏற்றுகிறவன். முன்பு அவன் மாமா வந்துகொண்டிருந்தார். நாலு வருடமாக இவன்.

வெல்லம் வாங்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. சாப்பிட வாங்குகிறவர்கள் கட்டியை உடைத்து ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பார்கள். உப்புக் கரிக்கிறதா, மண் நெருநெருக்கிறதா என்று நாக்கில் உருட்டுவார்கள். ஒரு கிலோ வாங்குகிறவளும் பார்ப்பாள். ஐம்பது சிப்பம் எடுக்கும் பலகாரக் கடைக்காரரும் பார்ப்பார். சாராயம் காய்ச்ச வாங்குகிறவர்கள் பார்ப்பதில்லை. சிப்பத்தின் வாயைப் பிரிப்பதுகூட இல்லை. கள்ளக்குறிச்சியில் வெல்லக்கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் யாரையும் கேட்டதில்லை.

"கருப்பு ஏழு சிப்பம்," என்றான் பகலவன்.

"இல்ல."

அவன் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். சுவரோரம் கருப்பு வெல்லம் அடுக்கியிருந்தது. சிப்பத்துக்கு முப்பது கிலோ. மொத்தம் ஒன்பது சிப்பம்.

"சரக்கு இல்லையா பாயம்மா, எனக்கு இல்லையா?"

"உனக்கு இல்ல."

"பாய் இருக்காரா?"

"ஏலத்துக்குப் போயிருக்காரு. அவரு இருந்தாலும் இல்லதான்."

"இன்னா கோவம்? போன வாரம் டீ எல்லாம் வாங்கிக் குடுத்தீங்க."

"போன வாரம் நாவக்காட்டுச் சின்னப்பையன் ஆஸ்பத்திரியில இல்ல."

பகலவன் ஜீப் கதவைச் சாத்தினான். "அவரு குடிச்சா நானா பொறுப்பு? ஊத்தி வுட்டது நானா?" கோபமில்லாமல்தான் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பக்கத்துக் கடைக்கும் போகவில்லை. அங்கே பொன்னுரங்கத்திடம் கருப்பு தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. இந்த இரண்டு கடைகளையும் விட்டால் ஊரில் கருப்பு வெல்லம் வைத்திருக்கிறவர்கள் இல்லை.

சின்னப்பையனும் அவன் மனைவி வெள்ளச்சியும் நாவக்காட்டுக்காரர்கள். வெள்ளிமலையிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். பதினைந்து வருடமாகப் புளியும் கடுக்காயும் சாமையும் இந்தக் கடையில்தான் கொண்டுவந்து போடுகிறார்கள். போன சனிக்கிழமை சின்னப்பையன் குடித்தான். விடிந்தபோது வாந்தி. கண் மங்கிவிட்டது. கீழே கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பௌசியா கஞ்சி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். பார்வை பாதி திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை குடித்தால் கண்ணோடு நிற்காது என்றும் சொல்லியிருந்தார்.

வெள்ளச்சி வராந்தாவில் நின்று பேசினாள். "வர்ற ஞாயித்துக்கிழம காப்பு கட்டு. அதுக்கு அடுத்த ஞாயிறு மாரியம்மன் திருவிழா. காய்ச்சினா இவரு குடிப்பாரு. யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. ஊருல இல்லன்னா குடிக்க மாட்டாரு பாயம்மா. கீழ எறங்கி வந்து குடிக்க அவருக்கு இப்ப தெம்பு இல்ல."

வெல்லம் எங்கிருந்து மேலே வருகிறது என்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

மதியம் ஏலம் முடிந்து கணவர் மஜீத் வந்தார். கடையின் பின்னறையில் பௌசியா சோறு போட்டாள்.

"பகலவன் போன் பண்ணான்," என்றார்.

"பண்ணுவான்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டா, இரு பாக்கலாம்னு சொல்லுவீங்க."

"இரு பாக்கலாம்னுதான் சொல்லுவேன். வேற இன்னா சொல்லுவாங்க? நாம மட்டும் நிறுத்தினா பக்கத்துக் கடையில விப்பாங்க. மலையில ஒரு சொட்டு கம்மியாவாது. எல்லாரும் ஒண்ணா நிறுத்தணும். சங்கத்துல தீர்மானம் போடணும். அதத்தான் போன வருசமே சொன்னேன்."

வெல்ல வியாபாரிகள் சங்கத்துக்கு மஜீத் செயலாளர். பொன்னுரங்கம் தலைவர்.

"போன வருசம் சொன்னீங்க. இன்னா ஆச்சு?"

"கோரம் இல்ல. வந்த ஆளு போதல."

"அதுக்கு அடுத்த தடவ?"

"ரம்ஜான்."

"இந்த மாசம்?"

"பொன்னுரங்கம் அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம். அடுத்த மாசம் வெச்சுக்கலாம்னாரு."

"சின்னப்பையன் அடுத்த மாசம் வரைக்கும் இருப்பாரா?"

மஜீத் மீனைப் பிய்த்தார். "உப்பு கம்மி," என்றார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு. கேட்டதுக்குச் சொல்லுங்க."

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். துண்டை எடுத்துத் துடைத்தார். "இன்னா பண்ணலாங்கிற?"

"கருப்ப இனிமே சிப்பமா குடுக்கப் போறதில்ல. சில்லரைதான். ஆளுக்கு அஞ்சு கிலோ. வூட்டுக்கு வாங்குறவங்களுக்கு அது போதும்."

"யாராவது கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"அதத்தான் சொல்லப் போறேன்," என்றார் மஜீத். "எனக்கு எதுக்கு வம்பு."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்தபோது மூன்று மலைப் பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை.

"கருப்பு அஞ்சு கிலோ குடுங்க," என்றாள் குழந்தைக்காரி.

"எந்த ஊரு?"

"நாவக்காடு."

"வெள்ளச்சி ஊரா?"

"அவங்க வூட்டுக்கு ரெண்டு வூடு தள்ளி."

"சின்னப்பையன் எப்படி இருக்காரு?"

"நேத்து வூட்டுக்கு இட்டாந்துட்டாங்க. கட்டில்ல ஒக்காந்துகினு வர்றவன் போறவன் எல்லாரையும் பேரு கேட்டுக்கினு இருக்காரு."

பௌசியா சிரித்தாள். "எதுக்கு வெல்லம்?"

"பொங்க வெக்க. நாளான்னிக்குக் காப்பு கட்டுறாங்க."

மலையில் பொங்கலுக்கும் காபிக்கும் கருப்பைத்தான் வாங்குவார்கள். விலை கம்மி, இனிப்பு ஜாஸ்தி. பௌசியா மூன்று பேருக்கும் எடை போட்டுக் கொடுத்தாள். அச்சு வெல்லத்தில் ஒன்றை எடுத்துக் குழந்தையின் கையில் வைத்தாள். பௌசியாவுக்கு மனசு நிறைந்திருந்தது. காய்ச்சுகிறவனுக்கு இல்லை, சாமிக்குப் பொங்கல் வைக்கிறவர்களுக்கு உண்டு. தான் நினைத்தது இதுதான்.

மாலை பஸ்ஸில் இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். சனிக்கிழமை காலையிலிருந்து கூட்டம். நாலைந்து பேராக வந்தார்கள், ஆளுக்கு ஐந்து கிலோ வாங்கினார்கள், பையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பௌசியா எல்லோரிடமும் பேசினாள். யார் வீடு, எத்தனை பிள்ளைகள், சாமை எப்படி விளைந்திருக்கிறது என்று கேட்டாள். மதியம் அவள் தொழப் போன நேரத்தில் மஜீத் எடை போட்டார்.

"பாத்தியா," என்றார் அவள் திரும்பி வந்ததும். "சில்லரையிலயே சிப்பம் சிப்பமா போவுது. உன் வார்த்தைக்கு பரக்கத்து இருக்கு."

மாலை ஆறு மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. பௌசியா துடைப்பத்தை எடுத்தாள்.

தராசுக்கு உட்பக்கம் வெல்லத் தூள் கிடந்தது. கூட்டினாள். பிறகு வெளிப்பக்கம் வந்தாள், ஆட்கள் நிற்கிற இடத்துக்கு. சில்லரை போன நாட்களில் அங்கேதான் அதிகம் கூட்ட வேண்டியிருக்கும். உடைத்து வாயில் போடும்போது உதிர்வது, குழந்தைகள் சிந்துவது, அதை மொய்க்கும் எறும்பு. கால் வைத்தால் ஒட்டும்.

தரை ஒட்டவில்லை. ஒரு எறும்பு இல்லை.

அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு நாளில் வந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒருத்திகூட உடைக்கவில்லை. ஒருத்திகூட வாயில் போட்டுப் பார்க்கவில்லை. குழந்தை மட்டும்தான் சாப்பிட்டது. அதுவும் அவள் கொடுத்தது.

குடோனுக்குள் போய்ச் சாக்குகளை எண்ணினாள்.

"இன்னா தேடுற?" என்று மஜீத் கேட்டார்.

"ஏழு சிப்பம்."

"இன்னாது?"

"அவன் கேட்டது ஏழு. போயிருக்கிறதும் ஏழு. ஆளுக்கு அஞ்சு கிலோ, நாப்பத்திரெண்டு பேரு."

மஜீத் ஸ்டூலில் உட்கார்ந்தார். "பேரு, ஊரு, புள்ளக்குட்டி எல்லாம் கேட்டியே," என்றார். அவர் சிரிக்கவில்லை.

"கேட்டேன். எதுக்கு வெல்லம்னும் கேட்டேன். பொங்கலுக்குன்னாங்க. நம்பிட்டேன்."

"வுடு. போனது போச்சு. இனிமே கருப்பே வெக்க வேணாம். அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"நாளைக்கு நான் மேல போறேன்."

"போயி? வித்த வெல்லத்தத் திருப்பிக் குடுன்னு கேப்பியா?"

"தெரியல. போயித்தான் பாக்கணும்."

"நானும் வர்றேன்."

"வேணாம். நீங்க பொன்னுரங்கம் அண்ணன்கிட்ட பேசுங்க."

"அவரு பத்திரிகை குடுக்க திருக்கோவிலூர் போயிருக்காரு."

"வருவாரு இல்ல, அப்ப பேசுங்க."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினாள். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலை தொடங்கியது. வளைவுகளில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிமலையில் இறங்கி, நாவக்காட்டுக்கு மண் பாதையில் நடந்தாள். இரண்டு பக்கமும் மரவள்ளி. புர்காவின் ஓரத்தில் செம்மண் ஏறியது.

சின்னப்பையன் பலா மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான்.

"யாரு? கருப்பா இன்னாவோ தெரியுது."

"நான்தான், பௌசியா. புர்கா போட்டிருக்கேன்."

"அப்ப கண்ணு சரியாத்தான் இருக்கு," என்றான். "வெள்ளச்சி, யாரு வந்திருக்காங்க பாரு."

வெள்ளச்சி வெளியே வந்தாள். பௌசியாவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். வாங்க என்று சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால், உள்ளே குதிருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. வாயைச் சணலால் கட்டியிருந்தது. மஜீத் போடும் முடிச்சு.

"நீயுமா?" என்றாள் பௌசியா.

"நீங்க தொழுவப் போற நேரம் பாத்துத்தான் வந்தேன்."

"வெள்ளச்சி, ஆஸ்பத்திரியில நீ இன்னா சொன்ன?"

"சொன்னேன். இல்லங்கல. நான் வாங்கலன்னா அடுத்தவ வாங்கப் போறா. பகலவன் பஸ்சுக்கும் குடுத்தான், ஒரு நாள் கூலியும் குடுத்தான். ஆஸ்பத்திரியில கெடந்து ஒரு வாரக் கூலி போச்சு. பாயம்மா பொம்பளைங்களுக்கு ஆளுக்கு அஞ்சு கிலோ குடுக்கிறாங்க, போங்கன்னு அவன்தான் சொல்லி அனுப்பினான்."

தான் போட்ட சட்டம் மறுநாளே மலைக்கு வந்துவிட்டிருந்தது. பௌசியா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

வெள்ளச்சியின் மகள் சங்கவி தண்ணீர் கொண்டுவந்தாள். இருபத்திரண்டு வயது. வெள்ளிமலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். "நான் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கினேன்," என்றாள்.

"நீ சொல்லுவ," என்றாள் வெள்ளச்சி. "மனு எழுதுனவளும் நீதானே. மூணு மனு. போலீசு வந்தாங்க, பானைய ஒடைச்சாங்க, போனாங்க. அடுத்த வாரமே புதுப் பானை. பானை விக்கிறவன்தான் நல்லா இருக்கான்."

சின்னப்பையன் சிரித்தான். "நீ சிரிக்காத," என்றாள் வெள்ளச்சி. "உன்னாலதான் எல்லாம்."

"வெல்லம் இப்ப எங்க இருக்கு?" என்று பௌசியா கேட்டாள்.

"அவங்கவங்க வூட்டுலதான்," என்றாள் சங்கவி. "ஒரே எடத்துல வெச்சா புடிச்சுடுவாங்கன்னு பயம். சாயந்தரம் காப்பு கட்டி முடிஞ்சதும் வூடு வூடா வந்து எடுத்துக்குவான். ராவோட ராவா ஊறல் போட்டா திருவிழாவுக்குச் சரியா இருக்கும்."

"நான் திருப்பி வாங்கிக்கிறேன்னா குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க," என்றாள் வெள்ளச்சி. "அவன் வந்து கேட்டா இன்னான்னு சொல்லுவாங்க? ஒரு காரணம் வேணும் இல்ல?"

தூரத்தில் பறையைத் தீயில் காட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மனுக்கு வெச்சுட்டோம்னு சொல்லலாம்," என்றாள் வெள்ளச்சி. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நாவக்காட்டில் அது வழக்கம். காப்புக் கட்டும் நேரத்தில் அம்மன் கல்லின் முன் வைத்த எதையும் திருவிழா முடியும்வரை யாரும் தொடக் கூடாது. முடிந்தபின் அது ஊர்ப் பொங்கலுக்கு. தெரியாமல் வைத்தாலும் வைத்ததுதான்.

"போன வருசம் என் செல்போன வெச்சுட்டு கும்புட்டேன்," என்றாள் சங்கவி. "எட்டு நாள் அங்கயே கெடந்துது. மொத நாள் பூரா அடிச்சுக்கினே இருந்துது. அப்புறம் மழ."

"பகலவன் தொட மாட்டானா?" என்று பௌசியா கேட்டாள்.

"அவன் பொண்டாட்டி இந்த ஊருதான். இந்த வருசம் அவனும் காப்பு கட்டுறான். கட்டினவன் தொட மாட்டான்."

"அப்ப சரி."

"இன்னா சரி? எல்லாரும் வெக்கணும் இல்ல. ஊருப் பெரியவங்கள ஒரு வார்த்த கேக்கணும்."

"கேட்டா இன்னா சொல்லுவாங்க?"

வெள்ளச்சி யோசித்தாள். "இரு, பாக்கலாம்னு சொல்லுவாங்க," என்றாள்.

பிறகு உள்ளே போய் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மதியம் முழுக்க அவளும் சங்கவியும் வீடு வீடாகப் போனார்கள். பௌசியா போகவில்லை. அவள் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்று வெள்ளச்சி சொல்லிவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து சின்னப்பையனோடு பேசிக்கொண்டிருந்தாள். போகிறவர்களின் பெயரை அவன் நடையை வைத்துச் சொன்னான். பாதி சரியாக இருந்தது.

"உனக்குத் தெரியும்தானே," என்று ஒரு தடவை கேட்டாள். "இன்னொரு தடவ குடிச்சா இன்னா ஆவும்னு."

"தெரியும்."

"அப்புறம்?"

"பக்கத்துல இருந்தா கை போவுது பாயம்மா," என்றான். "பொய் சொல்லிப் பிரயோசனம் இல்ல."

நாலு மணிக்குப் பறை முழங்கியது. அம்மன் கல் ஊருக்கு மேற்கே, வேப்ப மரத்தடியில். பௌசியா தள்ளி, புளிய மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஆண்கள் வரிசையில் பகலவன் நின்றான். மேல்சட்டை இல்லை. பூசாரி ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தார். பகலவன் கையிலும் கட்டினார்.

வெள்ளச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பையைக் கல்லின் முன் வைத்தாள்.

"இது உனக்கு, தாயே," என்று சத்தமாகச் சொன்னாள். "எங்க வூட்டு ஆள எனக்குக் குடு."

பறை ஒரு அடி தப்பி, பிறகு சேர்ந்துகொண்டது. ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார்.

"ஏ வெள்ளச்சி, கிறுக்கு புடிச்சுதா உனக்கு?" என்றாள் ஒருத்தி. "அவன் கேட்டா இன்னா சொல்லுவ?"

"அந்தா இருக்கா. அவகிட்ட கேட்டுக்கடான்னு சொல்லுவேன்."

சிலர் சிரித்தார்கள். குழந்தைக்காரி தன் பையைக் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் சங்கவி கையைப் பிடித்து இழுத்துவந்த ஒருத்தி. பிறகு இரண்டு பேர் சேர்ந்தாற்போல். பூசாரி பைகளைப் பார்த்தார், பகலவனைப் பார்த்தார், குங்குமத்தை எடுத்து முதல் பையின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு யாரையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

முப்பத்தாறு பைகள் வந்தன. ஆறு வரவில்லை. ஒரு சிப்பம்.

"அந்த ஆறு வூட்டையும் நான் பாத்துக்கிறேன்," என்றாள் சங்கவி. "ராத்திரி பூரா அவளுங்க வாசல்லதான் ஒக்காருவேன்."

பகலவன் புளிய மரத்துக்கு வந்தான். நெற்றியில் குங்குமம். மஞ்சள் கயிற்றில் இன்னும் ஈரம் காயவில்லை.

"எங்க சாமிய வெச்சே என்ன மடக்கிட்டீங்க."

"நான் இன்னா செஞ்சேன்? நின்னுக்கினுதான் இருக்கேன்."

"நில்லுங்க," என்றான். "நாளைக்குக் காலையில பொன்னுரங்கம் அண்ணன் கடைக்கு லாரி வருது. எல்லாம் கருப்பு. மதியானத்துக்குள்ள மேல ஏத்துனா, நாளைக்கே ஊறல் போட்டுருவேன். ஒரு நாள்தான் தள்ளிப் போவுது. அங்க இன்னா கல்லு வெப்பீங்க?"

அவன் போன பிறகு வெள்ளச்சி வந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நானும் இப்பவே கூட வருவேன். ஆனா ஊருல காப்பு கட்டிட்டா ராத்திரி வெளியூருல தங்கக் கூடாது. விடியக்காலம் மொத பஸ்சுல வர்றேன். பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடணும்."

"வா."

"அவரையும் இட்டுக்கினு வர்றேன்."

"அவரால முடியுமா?"

"முடியலன்னா தூக்கிக்கினு வர்றேன்," என்றாள் வெள்ளச்சி.

திங்கட்கிழமை எட்டரைக்கு லாரி வந்து பொன்னுரங்கத்தின் கடை முன் நின்றது. எதிர்ப்பக்கம் ஜீப் முன்னாலேயே வந்து நின்றிருந்தது. இந்தத் தடவை சந்துக்குள் போகவில்லை.

பொன்னுரங்கம் அறுபது வயதுக்காரர். கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. கடைக்குள் நுழையப் போனவர், லாரிக்கும் படிக்கும் நடுவில் பெண்கள் நிற்பதைப் பார்த்தார். பௌசியா, வெள்ளச்சி, நாவக்காட்டிலிருந்து வந்த இன்னும் நாலு பேர். வெள்ளச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னப்பையன்.

"இன்னா தங்கச்சி இது, காலங்காத்தால?"

"லாரிய எறக்க வேணாம்ணே."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

பொன்னுரங்கம் ஜீப்பைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "பாய் சொன்னாரு. நான் மாட்டேன்னா சொன்னேன்? சங்கத்துல பேசி முறையா ஒரு தீர்மானம் போட்டு, எல்லாரும் ஒத்துமையா நிறுத்துவோம். இந்தக் கல்யாணம் முடியட்டும். அடுத்த மாசம் கூட்டம் வெச்சுடலாம்."

"திருவிழா வர்ற ஞாயித்துக்கிழம."

"ஒரு திருவிழாவுல இன்னா தங்கச்சி ஆயிடப் போவுது? எத்தன வருசமா நடக்குது."

"மொதலாளி," என்றான் சின்னப்பையன். குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். கொஞ்சம் தவறிவிட்டது, லாரியின் டயரைப் பார்த்துப் பேசினான். "நான் சின்னப்பையன். உங்க கடையிலயும் கடுக்கா போட்டிருக்கேன். இன்னொரு தடவ குடிச்சா போயிடுவேனாம். ஊருல இருந்தா நான் குடிப்பேன். அதான் நானே சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

பொன்னுரங்கம் பத்திரிகைக் கட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். கடைவீதியில் போகிறவர்கள் நிற்க ஆரம்பித்தார்கள்.

"நான் எடுக்கலன்னா இந்த லாரி அடுத்த ஊருக்குப் போவும்," என்றார். "தியாகதுருகத்துல எறக்குவான். நீ இன்னா பண்ணுவ?"

"அங்க போயி நிப்பேன்."

"எத்தன ஊருக்குப் போவ?"

"மொதல்ல இந்த ஊரு முடியட்டும்ணே. எங்க கடையில இருந்த மிச்சத்த மாட்டுத் தீவனத்துக்குக் குடுத்துட்டேன். இனி கருப்பு வாங்க மாட்டோம். இந்த ஊருல இப்ப நீங்க ஒருத்தர்தான்."

மஜீத் அவர்கள் கடையிலிருந்து இறங்கி வந்தார். கக்கத்தில் சங்கத்தின் தீர்மான நோட்டு. பௌசியா அவரை வரச் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணே," என்றார். "தலைவர் இருக்கீங்க, செயலாளர் இருக்கேன். மீதிப் பேருக்கும் காலையிலயே போன் பண்ணிட்டேன். நாலு பேரு கிளம்பி வந்துகினு இருக்காங்க. கோரம் ஆயிடும். கூட்டத்த இங்கயே வெச்சுக்கலாம்."

"பாய், தெருவுலயா?"

"மண்டபத்துலதான் வெக்கணும்னு சட்டம் இல்லண்ணே. நானே பாத்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள். மஜீத் நோட்டைப் பிரித்துத் தேதியை எழுதினார். பேனாவைப் பொன்னுரங்கத்திடம் நீட்டினார். பொன்னுரங்கம் வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எதிரே பகலவன் ஜீப்பிலிருந்து இறங்கி, பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாய்ந்து நின்றான்.

பௌசியா நகரவில்லை. வெள்ளச்சி தன் தோளிலிருந்த சின்னப்பையன் கையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

லாரி டிரைவருக்கு இதெல்லாம் தெரியாது. அவன் மேலே ஏறி, கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயைச் சுருட்டிவிட்டிருந்தான். முதல் சிப்பத்தின் காதைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்து நிறுத்திக் கீழே பார்த்தான்.

"இன்னா மொதலாளி, எறக்கட்டுமா, திருப்பி எடுத்துக்கினு போவட்டுமா?"